பிறநாட்டுக் கல்வியும் பிறந்த ஊர்க் கேள்வியும்

பிறநாடு சென்று கல்வி கற்றல் நம் நாட்டினர்க்குப் புதியதோர் வழக்கமன்று. ஆயினும், முற்காலத்தில் செல்வர் மக்கட்கும் ஒருசில அறிஞர்க்குமே வாய்த்த அப்பேறு, இக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்து இளைஞர் பலர்க்கும் எட்டும் நிலையில் உள்ளது. காணியை ஈடுவைத்தும், நகையை விற்றும், வங்கியிற் கடன்பட்டும் பெற்றோர் தம் மக்களைக் கடல் கடந்து அனுப்புகின்றனர். இத்துணைப் பொருட்செலவும் மனக்கவலையும் ஏற்றுக்கொண்டு அனுப்பப்படும் மாணவர் ஆங்குக் கற்க வேண்டுவது யாது? பட்டமும் ஊதியமும் வேண்டுவனவே. அவற்றை இகழ்வார் அறிவுடையோர் அல்லர். ஆயின், அவற்றின் மேலும் ஒரு பயன் உண்டா, உண்டெனின் அஃது எவர்க்குக் கிட்டும் என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலக அரசியல், நாட்டு வளர்ச்சி, மக்கட் பண்பாடு என்னும் இம்மூன்றனையும் அறிதற்கென்றே பல்கலைக்கழக மாணவர் பலர் இன்று வெளிநாடு செல்கின்றனர். இவை பற்றிய நூல்களோ இப்பொழுது வீட்டிலிருந்தவாறே படிக்கக் கிடைக்கின்றன. அங்ஙனமாக, நேரிற் செல்வதனால் ஆவது என்னை என்று சிலர் வினவலாம். நூல் விடைகளைத் தருகின்றது. அயலூர் வாழ்க்கையோ நம்மை நோக்கி வினாக்களை எழுப்புகின்றது. அவ்வினாக்கள் எழும்போது, தன் ஊரைப் பற்றிய கேள்வியொன்றை உடன் கொண்டு சென்றவனே பயனடைகின்றான். வெறுங்கையுடன் சென்றவன் வியப்புடன் திரும்புவான். கேள்வியுடன் சென்றவன் வழியொன்றனைக் கற்றுத் திரும்புவான். இக்கருத்தினை நம் நாட்டார் சிலருடைய வரலாறுகளைக் கொண்டு விளக்குவோம்.

ஊரிலே உலகம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையில், ஆலப்பாக்கத்திற்கு முன்னே உள்ளது செம்மங்குப்பம் என்னும் சிற்றூர். இவ்வூர் மாணவர் ஒருவர், "உலக அரசியலுக்கும் எம் ஊருக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பாராயின், அவர்க்குக் கூறத்தக்க விடைகள் பல உள.

1783ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கடலூர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைக்கொண்டிருந்தனர். ஆங்கிலேயர் அதனை முற்றுகையிட்டனர். கடலிலும் இருதிறத்துக் கப்பற்படைகளும் பொருதன. அப்போர் கடலூர் மக்கள் பொருட்டு நிகழ்ந்ததன்று. அமெரிக்கக் குடியேற்றத்தார் இங்கிலாந்துக்கு எதிராக எழுப்பிய விடுதலைப் போரில் பிரெஞ்சு நாடும் சேர்ந்தமையால், அத்தீ கடல் பல கடந்து இங்கும் பற்றியது. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் உடன்பாட்டுக்கு முதற்படி இடப்பட்டுவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேரும் வரையில் இங்கே மனிதர் மடிந்துகொண்டிருந்தனர். அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிச் சண்டை கடலூரில் நிகழ்ந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் எழுதுவதன் காரணம் இதுவே.

பழைய செய்தியை விடுத்து அண்மைக் காலத்தை நோக்கினும் அவ்வாறே. மேற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்தற்கென 1956இல் அரசினர் நிறுவனம் ஏற்பட்டது. அங்கு முதல் அனல் மின்நிலையம் சோவியத் நாட்டின் உதவியால் எழுந்து, 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. வல்லரசுகள் இரண்டும் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் நட்பை நாடிப் போட்டியிட்ட காலம் அது. அப்போட்டியின் ஒரு விளைவை நம் மாவட்டத்து மின்கம்பியிற் காண்கின்றோம். செம்மங்குப்பத்தை அடுத்தே சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. இரசாயனத் தொழிற்சாலைகள் சிலர்க்கு வேலை தந்தன; அவற்றின் கழிவும் காற்றும் பற்றி ஊரார் நெடுங்காலமாக முறையிட்டும் வருகின்றனர். வேலையும் வேண்டும், நல்ல நீரும் வேண்டும். இரண்டனையும் ஒருங்கே பெறுதற்கு வழி யாது? பொருளாதார நூலார் "வளர்ச்சி" என்னும் சொல்லால் குறிக்கும் பெரும் பொருள், உப்பனாற்றங்கரையில் இக்கேள்வியாகவே நிற்கின்றது.

எனவே, வெளிநாடு செல்லுதற்கு முன்னரே நம் மாணவர் கையில் கேள்விகள் உள்ளன. அவற்றை எடுத்துச் செல்கின்றனரா என்பதே ஐயம்.

குமரப்பா கேட்ட கேள்வி

1892இல் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. இளமையில் இலண்டன் மாநகர் சென்று கணக்காய்வுத் துறை பயின்று, அங்கேயே சில ஆண்டு பணிபுரிந்தார். பின்னர்ப் பம்பாய்க்குத் திரும்பி அத்தொழிலை நடத்தினார். மேனாட்டு உடையும் மேனாட்டு நடையுமாக நல்ல வருவாயுடன் வாழ்ந்தவர் அவர். இவ்வளவோடு நின்றிருப்பின், வெளிநாட்டுக் கல்வியால் வளம் பெற்ற பல்லோருள் ஒருவராக அவர் மறைந்திருப்பார்.

1927இல் அமெரிக்கா சென்று, சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசிறைப் பொருளியல் கற்கலானார். அந்நாளில் அந்நகரத் திருக்கோயில் ஒன்றில், இந்தியா வறுமையுற்றிருப்பது ஏன் என்பது பற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்செய்தி நியூயார்க் நாளிதழில் வெளிவந்தது. அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதனைக் கண்ணுற்று, இப்பொருளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுமாறு ஊக்கினார். அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குகளைக் கொண்டே இந்தியாவின் வறுமைக்குக் காரணம் காண்க என்பது அவர் காட்டிய வழி.

கணக்கு நூல் கற்ற குமரப்பாவுக்கு இவ்வழி ஏற்றதாயிற்று. மக்களிடமிருந்து பெற்ற வரி யாங்குச் சென்றது, படைக்கும் கடனுக்கும் உத்தியோகத்தர் சம்பளத்திற்கும் எவ்வளவு, கல்விக்கும் நீர்ப்பாசனத்திற்கும் எவ்வளவு என்று அவர் வரிசையாக நோக்கினார். அந்நியர் ஆட்சியைப் பற்றி அதுவரை வெறுப்பொன்றும் கொள்ளாதிருந்தவர்க்கு, அரசாங்கத்தார் தாமே அச்சிட்ட எண்களே உண்மையை உணர்த்தின. ஆய்வுரையுடன் 1929இல் தாய்நாடு திரும்பி, அவ்வாண்டு மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் கண்டார். அவ்வாய்வுரை காந்தியடிகளின் 'யங் இந்தியா' இதழில் தொடர்ந்து வெளியாயிற்று.

ஈண்டு நாம் கூர்ந்து நோக்கத்தக்கது பின்னர் நிகழ்ந்ததேயாம். காந்தியடிகள் அவரைக் குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவிற்கு அனுப்பிக் கிராமங்களின் பொருள்நிலையை ஆராயப் பணித்தார். குமரப்பாவுக்கோ குஜராத்தி மொழி தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர் உடன் சென்று உதவினர். கொலம்பியாவிற் கற்ற முறை அங்கே வீடு வீடாக நடந்தது. நிலம் எவ்வளவு, விளைவு எவ்வளவு, உழைப்பின் கூலி எவ்வளவு, தீர்வை எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று கணக்கிட்டு அறிக்கை எழுதப்பட்டது. நகரத்து வணிகர் கணக்கைத் தணிக்கை செய்த கை, ஓர் ஏழை உழவனின் அடுப்பங்கரைக் கணக்கைத் தணிக்கை செய்தது.

1934இல் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியபொழுது அதன் செயலாளர் பொறுப்பு அவரையே சேர்ந்தது. எண்ணெய்ச் செக்கு, கைக்குற்றல் அரிசி, காகிதம் செய்தல், தேனீ வளர்ப்பு முதலியவற்றை அவர் ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கினார். இயற்கையின் செல்வத்தைத் தின்று தீர்க்கும் பொருளாதாரம் நில்லாது. அதன் வருவாயைக் கொண்டு வாழும் பொருளாதாரமே நிலைக்கும் என்னும் கருத்தைச் சிறையிலிருந்தபோது ஆங்கில நூலாக எழுதினார். அந்நூல் 1945இல் வெளிவந்தது. சுற்றுச்சூழல் பற்றி உலகம் அஞ்சிப் பேசத் தொடங்கியதற்கு முன்னரே அவர் இதனை எழுதினார். அவர் கூறிய தீர்வுகள் எல்லாம் இன்றைக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றை மறுத்தோரும் உண்டு. ஆயின், அவர் கேட்ட கேள்வி உப்பனாற்றங்கரையில் இன்றும் விடை வேண்டி நிற்பதன்றோ?

சிதம்பரத்திற்கு வந்த வெளிநாட்டு மாணவர்

நிற்க. வெளிநாட்டுக் கல்வி என்றவுடன் இலண்டனையும் நியூயார்க்கையுமே எண்ணுதல் நம் வழக்கமாகிவிட்டது. பிறநாட்டார்க்கு நம் ஊரும் வெளிநாடே என்பதை மறந்துவிடுகின்றோம். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அமர்ந்தவர் இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். பின்னர் அப்பல்கலைக்கழகத்திற்கு மாணவராக வந்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள்.

தனிநாயக அடிகள் 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் தோன்றியவர். உரோமாபுரியில் 1934 முதல் 1939 வரை இறையியல் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரத்துப் பழைய திருச்சபை அவருடைய ஆராய்ச்சிப் பொருளாயிருந்தது. இத்தாலியம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளும் அவர்க்குக் கைவந்தன. அதன்பின் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்திற் பள்ளியாசிரியராகப் பணிபுரியுங்கால், தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கும் வேட்கை அவரிடத்து முதிர்ந்தது. உரோமாபுரியின் பட்டம் பெற்ற அவர், 1945இல் முப்பத்திரண்டாம் அகவையில், மீண்டும் மாணவராகச் சிதம்பரத்தில் வந்தமர்ந்தார்.

இச்செயலின் பெருமையை நம் மாணவர் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயர்ந்த பட்டம் ஒன்று பெற்றபின் மீண்டும் முதலிலிருந்து கற்க முன்வருவோர் சிலரே. அங்ஙனம் வந்தமையாற் சங்கச் செய்யுட்களை அவர் புதுக்கண் கொண்டு பார்த்தார். குறிஞ்சி முல்லை முதலிய திணைகளை நாம் இலக்கண விதியாகவே மனப்பாடம் செய்கின்றோம். கிரேக்க இலத்தீனப் பாட்டுக்களை அறிந்திருந்த அவரோ, நிலத்தையும் காலத்தையும் மனிதர் உள்ளத்தையும் இவ்வாறு இணைத்த கவிதைமரபு உலக இலக்கியத்துள் எவ்விடம் பெறும் என்று வினவினார். பண்டைத் தமிழ்ப் பாட்டில் இயற்கை என்னும் பொருள் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி அவ்வினாவிற் பிறந்ததே. ஒப்புநோக்கு ஒன்றனை உயர்த்தி மற்றொன்றனைத் தாழ்த்துவதற்கு அன்று; இரண்டனையும் தெளிவாகக் காண்பதற்கே என்பதனை அவருடைய எழுத்துக் காட்டுகின்றது.

அவர் 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். தமிழறியாத நாட்டு அறிஞர்க்குத் தமிழாராய்ச்சியைக் கொண்டு சென்றது அவ்விதழ். வத்திக்கான் நூலகத்திலிருந்த பழைய அச்சு நூலொன்றும் அவரால் வெளிச்சத்திற்கு வந்தது. அந்தாம் டி புரொயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சாகிய தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியே அது. அதனைத் தனிநாயக அடிகள் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக உருமாறாமல் மறுபதிப்பாக்கினார். போர்த்துக்கீசியம் மட்டும் அறிந்தவர்க்கு அந்நூலின் அருமை விளங்காது. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அந்நூலகத்தின் கதவு திறவாது. உரோமாபுரியும் சிதம்பரமும் ஒருவரிடத்துக் கூடியமையாலன்றோ அஃது இயன்றது!

1964ஆம் ஆண்டு ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த பலநாட்டுத் தமிழ்ப் புலவரை ஒன்று சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் காண முன்னின்றவரும் அவரே. அதன் முதல் தலைவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஃபிலியோசா. முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிஸிலும் நடைபெற்றன. தமிழ் தமிழ்நாட்டார்க்கு மட்டும் உரிய பொருளன்று, மனிதகுலத்தின் பொதுச் செல்வங்களுள் ஒன்று என்னும் எண்ணம் அம்மாநாடுகளால் வேரூன்றியது.

இருவேல்பட்டு கற்பிக்கும் பாடம்

வெளிநாடு செல்ல இயலாதவர் என் செய்வது என்னும் வினா இப்பொழுது எழும். மாணவருட் பெரும்பாலார் செல்லார் என்பதே உண்மை. அவர்க்கும் இப்பாடத்தில் இடமுண்டு.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்தியக் கிராமத்தைப் பற்றிய நூல்களைக் கொண்டு இந்தியக் கிராமத்தைக் கற்பித்தல் இயலாது என்று கண்டார். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவரிடம் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, தத்தம் ஊரின் நிலம், நீர், பயிர், கடன், கூலி, உணவு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வருமாறு ஏவினார். அவ்வாறு 1916இல் ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று அந்நாளைத் தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. இவ்வாராய்ச்சிகள் 1918இல் நூலாக வெளிவந்தன.

அந்நூல் அத்துடன் முடிந்திலது. 1930களில் அவ்வூர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தாரால் மீண்டும் ஆராயப்பட்டன. 1980களின் தொடக்கத்திலும், 2008இலும் இருவேல்பட்டுக்கு ஆராய்ச்சியாளர் மறுபடியும் சென்றனர். ஊர் நிலத்திற் பெரும்பகுதி ஒரு குடும்பத்தார் கையிலிருந்த நிலை காலப்போக்கில் தளர்ந்ததும், பண்ணையாட்களாக இருந்தோரின் மக்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதும் அவ்வாராய்ச்சிகளாற் புலனாகின்றன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே சிற்றூரைத் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி இந்தியாவிலேயே அரிது. அதற்கு வித்திட்டவர் விடுமுறையில் வீடு சென்ற கல்லூரி மாணவர் என்பதை நினைக்க வேண்டும்.

இருவேல்பட்டைப் பின்னாளில் ஆராய்ந்தோருள் சிலர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தவர். அந்நிறுவனத்தை 1971இல் நிறுவியவர் மால்கம் ஆதிசேஷையா. 1910இல் வேலூரிற் பிறந்து, இங்கிலாந்திற் பொருளியல் பயின்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தவர் அவர். பின்னர் யுனெஸ்கோவிற் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராக விளங்கினார். உலக நாடுகள் பலவற்றின் கல்வித் திட்டங்களைக் கண்டறிந்த அவர், பாரிஸை விட்டுச் சென்னைக்கு மீண்டு, தமிழ்நாட்டின் ஊர்களை ஆராயும் ஒரு நிலையத்தை அமைத்தார். ஆங்கிலேயர் ஒருவர் இங்கு வந்து நம் மாணவரைத் தம் ஊரை நோக்கச் செய்ததும், தமிழர் ஒருவர் உலகைச் சுற்றி வந்து அவ்வேலையைத் தொடரச் செய்ததும் ஒரே நூலின் இரு நுனிகள்.

மாணவர் கைக்கொள்ளத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முறைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, புறப்படுமுன் தன் ஊரை அறிதல். குடிநீர் எங்கிருந்து வருகின்றது, ஊராட்சியின் வருவாய் எவ்வளவு, நிலம் யார் கையில் உள்ளது, பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பன போன்றவற்றை அறியாதவர் அயல்நாட்டார் முன்னிலையில் தம் நாட்டைப் பற்றி யாது பேசுவர்? புகழ்ச்சியாகப் பேசுவர், அல்லது நாணிப் பேசுவர். இரண்டும் அறிவாகா.

இரண்டாவது, சென்ற நாட்டின் மொழியையும் மக்களையும் அறிதல். நம்மவரோடே உறைந்து, நம் உணவையே உண்டு, நம் படங்களையே பார்த்து ஈராண்டு கழித்து மீளுதல் எளிது. தனிநாயக அடிகள் மொழிகளைக் கற்றமையாலன்றோ நூலகங்கள் அவர்க்குத் திறந்தன! அந்நாட்டு நகரவை எவ்வாறு கூடுகின்றது, உழவர் கூட்டுறவு எவ்வாறு நடக்கின்றது, ஆறு மாசுற்றபோது மக்கள் எவ்வாறு நீதி பெற்றனர் என்பனவற்றை நேரிற் கேட்டறிதல் வேண்டும். அந்நாட்டிலும் ஏழையர் உண்டு, நிறவேற்றுமை உண்டு, வீடற்றோர் உண்டு. அவற்றையும் மறையாது காண்பவனுக்கே அதன் நன்மையும் உள்ளவாறு விளங்கும்.

மூன்றாவது, கொண்டுவர வேண்டியது முறையே, உருவமன்று. குமரப்பா கொலம்பியாவிலிருந்து அமெரிக்கப் பண்ணையொன்றைக் கொண்டுவந்து நடவில்லை. கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார். மற்றொரு நாட்டில் நன்கு நடந்த ஏற்பாட்டை அப்படியே இங்கு நட்டால், நம் நீரும் நிலமும் சாதிக்கட்டும் அதனை வேறொன்றாக்கிவிடும்.

வெளிநாட்டிலேயே தங்கிவிடுவோரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. கடன் தீர்க்க வேண்டியவர்க்கும், இங்கு வேலை வாய்க்காதவர்க்கும் அது தேவையாகலாம். தனிநாயக அடிகளும் தம் ஆயுளிற் பெரும்பகுதியைப் பல நாடுகளிற் கழித்தவரே. உடல் எங்கிருப்பினும் கேள்வி ஊரை விட்டு அகலாதிருத்தலே வேண்டுவது.

மாணவ நண்பர்காள்! மகளிரும் ஆடவரும் ஆகிய உங்களுள் சிலர் அடுத்த ஆண்டே கடல் கடப்பீர்கள். பலர் இந்நாட்டிலேயே இருப்பீர்கள். இருதிறத்தாரும் இவ்விடுமுறையில் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஒரு தெருவை நடந்து, ஸ்லேட்டரின் மாணவர் கேட்டவாறு கேட்டு எழுதுவீர்களாக. செல்பவர்க்கு அது வழிச்சீட்டினும் முதன்மையான பத்திரமாகும். இருப்பவர்க்கு அதுவே ஆராய்ச்சியின் தொடக்கமாகும். பெற்றோர் ஈடுவைத்த காணிக்கும் விற்ற நகைக்கும் ஈடாக ஊருக்கு நாம் திருப்பித் தரக்கூடியது, நன்கு கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் பொறுமையுடன் தேடிய விடையுமேயாகும்.